முதியான்சேவின் காய்ச்சல்

கதிரை வரிசை கோணலாக நின்றால் முதியான்சேவுக்குச் செத்தவரை நினைத்துக் கவலைப்படக்கூட நேரம் கிடைக்காது. சாவு வீட்டு முற்றத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஒரு நூலை இழுத்துக் கட்டுவார். பிறகு மேசன் கல் வைப்பதுபோல ஒவ்வொரு கதிரையின் முன்காலையும் நூலுக்கு நேரே கொண்டுவந்து நிறுத்துவார். யாராவது அதில் உட்கார்ந்திருந்தால் எழுப்புகிற வழக்கம் இல்லை. ஆளோடு சேர்த்துப் பின்னுக்கு இழுப்பார். அழுதுகொண்டிருந்தவர் திடுக்கிட்டு நிறுத்தி, திரும்பிப் பார்த்து, இழுத்தது முதியான்சே என்று கண்டதும் விட்ட இடத்திலிருந்து அழத் தொடங்குவார்.

மீகஸ்வெவ மரண உதவிச் சங்கத்தின் பொருள் காப்பாளர் அவர். கதிரை, தறப்பாள், தேத்தண்ணிக் கோப்பை, வீதியோரம் கட்டுகிற வெள்ளைக் கொடி, ஒலிபெருக்கி எல்லாம் அவர் பொறுப்பு. பிரேதம் வீடு வந்து சேருமுன் பந்தல் எழும்பி நிற்க வேண்டும் என்பது சங்கத்தின் சட்டம். ஒருமுறைகூடப் பிந்தியதில்லை என்பது ஊரின் பெருமை. பக்கத்து ஊரில் பந்தலுக்காகப் பெட்டி வெயிலில் காத்துக் கிடந்த கதையை இவர்கள் கல்யாண வீட்டிலும் சொல்லிச் சிரிப்பார்கள்.

ஆள் ஒல்லி. வெள்ளைச் சாரம், வெள்ளைச் சட்டை. காய்ந்த தார் ரோட்டிலும் வயல் சேற்றில் நடப்பவர்போல முழங்காலைத் தூக்கித் தூக்கி வைத்துத்தான் நடப்பார். பாதங்கள் இரண்டும் முன்பக்கம் தொங்கிப்போய்விட்டன. தூக்காவிட்டால் பெருவிரல் தரையைக் கிண்டும். செருப்பு காலில் நிற்காததால் கொடி கட்டும் நூலால் கணுக்காலோடு சேர்த்துக் கட்டியிருக்கிறார். சங்கத்துப் பொருளில் அவர் சொந்தக் காரியத்துக்கு எடுத்தது அந்த நூல் ஒன்றுதான். அதையும் கூட்டத்தில் எழுந்து நின்று அனுமதி கேட்டே எடுத்தார்.

அனுமதி கேட்டது யாருக்கும் கேட்கவில்லை, அது வேறு விஷயம். முதியான்சேவுக்கு இப்போது குரல் இல்லை, காற்று மட்டும்தான் வருகிறது. முன்பெல்லாம் ஓட்டோவில் ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு சாவு அறிவித்தல் சொல்லிப் போவார். குளக்கட்டுக்கு அப்பால் மாடு மேய்க்கிறவன்கூட யார் போனது, எப்போது எடுப்பது என்று தெரிந்துகொள்வான். இன்றைக்கு அவர் கிசுகிசுக்கிறார். கேட்கிறவர்களும் தங்களை அறியாமல் கிசுகிசுத்தே பதில் சொல்கிறார்கள். சங்கத் தலைவர் ரன்பண்டாவுக்கு எருமையை அதட்டுகிற குரல். அவர்கூட முதியான்சேவிடம் மட்டும், "மச்சான், நாளைக்கு மழை வருமோ?" என்பதைக் களவுப் பொருள் விலைபேசுவதுபோலக் காதோடு கேட்பார். கழுத்துக் குழியில் இருக்கும் தழும்பைப் பற்றிப் பிள்ளைகள் கேட்டால் முதியான்சேவிடம் ஒரு பதில் தயாராக இருக்கிறது. "தையற்காரன் ஓட்டையைப் போட்டுட்டு பொத்தான் வைக்க மறந்திட்டான்."

போன வருஷம் பெரும்போக அறுவடை முடிந்த ஒரு பின்னேரம் அவர் வயலுக்கு அடிக்கிற மருந்தைக் குடித்தார். எந்த மருந்து, எவ்வளவு என்று அவர் யாருக்கும் சொல்வதில்லை, நமக்கும் வேண்டாம். ஏன் என்று கேட்டாலும் அவருக்குச் சரியாகச் சொல்லத் தெரியாது. அன்றைக்குச் சின்ன வாய்த்தர்க்கம் ஒன்று நடந்தது. உழவு மெஷினைக் கேளாமல் யாரோ கொண்டுபோன விவகாரம். அதற்காக ஒரு மனிதன் சாகவேண்டியதில்லை என்று முதியான்சேவுக்கும் தெரியும். ஆனால் அதற்கு முன்பே பல மாதமாக நித்திரை கெட்டுப்போயிருந்தது. சோறு மண்ணாக இருந்தது. அதைக் களைப்பு என்று நினைத்து அவர் வேலையைக் கூட்டிக்கொண்டே போனார். மனைவி குசுமாவதி கண்டு, கத்தி, ஓட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்கு ஓடினாள். இதற்கு ஊர் வைத்திருக்கும் பெயர் காய்ச்சல். "முதியான்சே காய்ச்சலில கிடந்த நேரம்" என்றுதான் எல்லோரும் பேசுவார்கள். வேறு வார்த்தை யார் வாயிலும் வராது, குசுமாவதியின் வாயில் நிச்சயமாக வராது.

ஆஸ்பத்திரியில் நடந்ததில் முதியான்சேவுக்கு ஒன்றும் நினைவில்லை. குசுமாவதி சொல்லிச் சொல்லிக் கேட்டதில் இப்போது அவரே அவளைத் திருத்துகிற அளவுக்கு வந்துவிட்டார். விஷத்துக்குக் கொடுத்த மாற்று மருந்து தலைக்கேறி, சுற்றிலும் வெள்ளை உடுப்பில் நடமாடிய தாதி மிஸ்மாரைக் கண்டதும் அது சாவு வீடு என்று அவர் முடிவுகட்டிவிட்டார். பெரிய டொக்டர் மாணவர்களோடு வந்து நின்றபோது, "நிக்காதையுங்கோ ஐயா, உக்காருங்கோ, தேத்தண்ணி வருது" என்றார். பிறகு கட்டில்கள் வரிசையில் இல்லை என்று சத்தம் போட்டார். சேலைன் குழாயைக் கயிறென்று நினைத்து கட்டில் கம்பியில் பந்தல் முடிச்சுப் போட்டுவிட்டார். அதை அவிழ்க்க இரண்டு மிஸ்மார் பட்ட பாட்டை குசுமாவதி கையாலேயே நடித்துக் காட்டுவாள்.

"ஆர்ட பிரேதம் ஐயா?" என்று ஒரு மிஸ் கேட்டிருக்கிறாள்.

"எனக்கு இன்னும் அறிவிக்கேல்லை" என்றாராம் முதியான்சே.

மயக்கம் தெளிந்தது. இனிப் பயமில்லை என்று குசுமாவதி ஒரு தேத்தண்ணி குடிக்கக் கீழே இறங்கினாள். திரும்பி வந்தபோது அவருக்குத் தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடியவில்லை. சற்று நேரத்தில் மூச்சிழுக்கவும் முடியவில்லை. இந்த விஷத்துக்கு அப்படியொரு குணம் உண்டு, போய்விட்டது என்று நினைக்கிற நேரத்தில் திரும்பி வரும். மூச்சு மெஷினில் போட்டார்கள். மெஷினில் நெடுநாள் கிடந்ததால் கழுத்தில் துளை போட்டுக் குழாய் வைத்தார்கள். மெஷினை விட்டு இறங்கிக் கஞ்சி குடிக்கத் தொடங்கிய பிறகு, ஒரு காலை எழும்பி நின்று பார்த்தால் பாதம் இரண்டும் சொன்னபடி கேட்கவில்லை.

மெஷினில் போட்ட செய்தி ஊருக்கு வந்த அன்று ஒரு பிழை நடந்தது. மீகஸ்வெவையில் மெஷினுக்குப் போய்த் திரும்பியவர் அதுவரை ஒருவரும் இல்லை. ரன்பண்டா காரியக்காரர். பந்தல் பிந்தக்கூடாது, அதுவும் பந்தல்காரனுக்கே பிந்தினால் ஊர் சிரிக்கும் என்று யோசித்தார். பண்டகசாலைத் திறப்பு முதியான்சேவின் இடுப்பில் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தது. பூட்டை உடைத்துப் பொருளை எடுத்தார்கள். பந்தல் எழும்பியது, கொடி பறந்தது, கதிரை பரப்பியாயிற்று. வழக்கம்போலப் பந்தலை ஒரு படமும் எடுத்து வைத்தார்கள். முதியான்சே சாகவில்லை என்று பிறகு தெரிந்தது. எல்லோருக்கும் பெரிய சந்தோஷம், கொஞ்சம் சங்கடம். வெறும் பந்தலை எப்படிப் பிரிப்பது என்று சங்கத்துச் சட்டத்தில் இல்லாததால் அது சில நாள் அப்படியே நின்றது.

வீட்டுக்கு வந்த கிழமை, ரன்பண்டாவின் தொலைபேசியில் அந்தப் படத்தை முதியான்சே பார்த்துவிட்டார். நெடுநேரம் பார்த்தார். ரன்பண்டாவுக்கு வியர்த்தது.

"இது ஆர் கட்டினது?"

"நாங்கள்தான் மச்சான். அவசரத்தில..."

"மேற்குப் பக்கம் தாழ்ந்து கிடக்கு. மழை பெய்திருந்தா தண்ணி முழுக்கப் பெட்டிக்கு மேல."

"பெட்டிதான் வரேல்லையே."

"வந்திருந்தா?"

ரன்பண்டா தொலைபேசியைத் திரும்ப வாங்கப் பார்த்தார், முதியான்சே விடவில்லை.

"தேத்தண்ணி மேசையை வெயிலில வச்சிருக்கிறியள். கதிரையெல்லாம் ஆடு மேயுற மாதிரி நிக்குது. என்ர சாவுக்கு வாற சனம் ஊருக்குப் போய் என்ன கதைக்கும்?"

"நீ இல்லாமல் எங்களுக்கு என்னடா தெரியும்" என்றார் ரன்பண்டா. சொன்ன பிறகுதான் சொன்னது அவருக்கே உறைத்தது. முகத்தைத் துவாயால் துடைத்துக்கொண்டு, மாட்டைக் கட்டிவிட்டு வருகிறேன் என்று எழுந்து போனார். அவர் வீட்டில் அப்போது மாடு இருக்கவில்லை.

அதன் பிறகு முதியான்சேவைக் காவல் காப்பதை ஊர் ஒரு தொழிலாகவே எடுத்துக்கொண்டது. வயலைக் குத்தகைக்கு விட்டாயிற்று. வீட்டில் மருந்துப் போத்தல் என்று ஒன்று இல்லை. குசுமாவதி அதோடு நிற்கவில்லை. பாத்திரம் கழுவுகிற சவர்க்காரத் தண்ணியையும் முழங்காலுக்குத் தடவுகிற தைலத்தையும்கூட ரன்பண்டா வீட்டில் கொடுத்து வைத்திருக்கிறாள். முழங்கால் வலித்தால் அவள் அங்கே போய்த் தடவிக்கொண்டு வர வேண்டும். கக்கூசுக் கதவின் கொண்டியை ரன்பண்டா கழற்றிக்கொண்டு போய்விட்டார். உள்ளே இருக்கும்வரை பாட்டுப் பாடுங்கோ என்றாள் குசுமாவதி. அவர் பாடினால் யாருக்குக் கேட்கும்? வாளியில் தட்டுவது என்று பேசி முடித்தார்கள். ஒருநாள் தட்டிக்கொண்டிருந்தவர் எதையோ யோசித்துக் கையை நிறுத்திவிட்டார். கதவு திறந்தது. குசுமாவதி, ரன்பண்டா, ரன்பண்டாவின் மனைவி, மீன் விற்க வந்தவன் என எல்லோரும் நின்றார்கள்.

"யோசிச்சுக்கொண்டிருந்தன்" என்றார் முதியான்சே.

"அதை வெளியில வந்து யோசியுங்கோ" என்றாள் குசுமாவதி.

ஒரு நாளைக்கு எத்தனை பேர் அவரிடம் சாப்பிட்டீங்களோ என்று கேட்கிறார்கள் என்பதற்கு அளவில்லை. நித்திரை வந்ததோ, கால் எப்படி, வெயிலில் போகாதையுங்கோ என்பார்கள். கேட்க வேண்டிய ஒன்றை மட்டும் யாரும் கேட்பதில்லை. அதைக் கேட்டவள் ஆஸ்பத்திரியின் கோடியில் இருக்கிற மனநலக் கிளினிக்கின் இளம் டொக்டர் பெண். காலுக்கு மருந்தெடுக்கப் போவதாக ஊரில் சொல்லிவிட்டு முதியான்சே மாதம் ஒருமுறை அங்கே போகிறார். முதல் நாளே அவள் மழை வருமோ என்பதுபோலச் சாதாரணமாகக் கேட்டாள்.

"சாகோணும் எண்ட நினைப்பு இப்பவும் வருதா மாமா?"

தனக்குப் பின்னால் வேறு யாரும் நிற்கிறார்களா என்று முதியான்சே திரும்பிப் பார்த்தார்.

"எப்பவும் இல்லை" என்றார். "சில நாள்."

"வந்தா என்ன செய்வீங்கள்?"

"கதிரை கழுவுவன்."

"நல்லாக் கழுவுங்கோ. ஆனா முதல்ல வீட்டில ஒராளிட்டச் சொல்லோணும். அதே நாள். வீட்டு ஆக்கள் உங்களை நாள் பாக்காமல் இஞ்ச கொண்டுவரோணும். கிளினிக் வரட்டும் எண்டு வச்சிருக்கப்படாது. சரியோ?"

"சரி" என்று வாக்குக் கொடுத்துவிட்டார். துணைக்கு வந்திருந்த குசுமாவதியிடமும் டொக்டர் அதையே சொல்லி அனுப்பினாள். வாக்குக் கொடுத்த நாளிலிருந்து முதியான்சேவுக்கு ஒரே பயம். அந்த நினைப்பு வருமே என்று பயமில்லை, வருகிற அன்றைக்குத் தன் வாய் திறக்காதே என்று பயம். ஒருமுறை வந்தது, சொல்லவில்லை. சங்கத்துக் கதிரை முழுவதையும் கிணற்றடியில் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். பின்னேரம் அதுவாகக் கலைந்தது. என்ன வெள்ளை, என்ன சுத்தம் என்று குசுமாவதி பாராட்டினாள். அடுத்தமுறை அது கதிரையோடு போகாது என்று முதியான்சேவுக்கு உள்ளுக்குள் தெரியும். சொல்லாமல் விட்டால் ரன்பண்டா கட்டுகிற பந்தலுக்குப் பெட்டியும் வந்துவிடும்.

ஆகவே சொல்லிப் பழகிப் பார்த்தார். குளக்கட்டில், நாய்க்கு முன்னால். வாழ்நாளில் அவர் நாலு பேருக்குக் கேட்கச் சொன்னதெல்லாம் சாவு அறிவித்தல்தான் என்பதால் வாயைத் திறந்ததும், "சகல ஊர்வாசிகளுக்கும் மிகுந்த துயரத்துடன் அறியத்தருவது..." என்று வந்தது. நாய் எழுந்து போய்விட்டது.

போன மாதம் தபால்காரர் ஒருவரின் சாவு. முதியான்சே விடியமுன்பே போய்ப் பந்தலைக் கட்டி, நூலையும் இழுத்துவிட்டார். இரண்டாம் வரிசை வெளியே தள்ளிக்கொண்டு நிற்பதைக் கண்டார். கண்டும் கை போகவில்லை. கோணலாக நின்றால் நிற்கட்டுமே என்று இருந்தது. எதுவானாலும் நிற்கட்டுமே என்று இருந்தது. அந்த நினைப்பு விடியற்காலையிலேயே வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்ததை அப்போதுதான் அவர் திரும்பிப் பார்த்தார். நூலைக்கூடச் சுருட்டாமல் முழங்காலைத் தூக்கித் தூக்கி வைத்து வீட்டுக்கு நடந்தார்.

குசுமாவதி குசினியில் துருவலையில் குந்தித் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

"குசும்."

"சாப்பிட்டீங்களோ?"

"இல்லை. குசும், எனக்கு..."

"சாவு வீட்டில ஒரு பிளேன்ரீகூடத் தரேல்லையோ? இருங்கோ, சம்பல் இடிச்சிட்டன் எண்டா முடிஞ்சுது. பாண் இருக்கு."

துருவுகிற சத்தத்தில் அவருடைய காற்று எடுபடவில்லை. பழகி வைத்த வார்த்தைகளில் ஒன்றும் நினைவுக்கும் வரவில்லை. அவள் முன்னால் தரையில் உட்கார்ந்து, முகத்துக்கு நேரே சொன்னார்.

"எனக்குச் சாகோணும் போல கிடக்கு."

குசுமாவதி துருவிக்கொண்டே இருந்தாள். ஒரு பழுப்புப் பொட்டுக்கூட விழாமல் துருவுகிறவள் அவள். இப்போது தேங்காய்ப்பூவின்மேல் சிரட்டைத் தூள் கறுப்பாக உதிர்ந்தது.

"காய்ச்சல் மாதிரியோ?" என்றாள் கடைசியில்.

"காய்ச்சல் இல்லை."

"எப்ப இருந்து?"

"விடியக் காலமை இருந்து."

அவள் எழுந்தாள். அடுப்பில் தண்ணியை ஊற்றினாள். கை கழுவவில்லை, சீலை மாற்றவில்லை. அவருடைய மணிக்கட்டைப் பிடித்தாள், சந்திக்கு இழுத்துக்கொண்டு நடந்தாள்.

சந்தியில் பஸ் நின்றது. அது எப்போதும் நிற்கும். ஆள் சேரும்வரைக்கும், ஆள் சேர்ந்தால் டிரைவர் தேத்தண்ணி குடித்து முடிக்கும்வரைக்கும். கண்டக்டர் பலகையில் சாய்ந்து பல் குத்திக்கொண்டிருந்தான்.

"தம்பி, பஸ்ஸை எடுக்கச் சொல்லு. ஆஸ்பத்திரிக்குப் போகோணும்."

"இண்டைக்குக் கிளினிக் இல்லையே அக்கா. அண்ணைக்கு என்ன?"

"காய்ச்சல்."

கண்டக்டர் புறங்கையை முதியான்சேவின் நெற்றியில் வைத்துப் பார்த்தான். "சுடேல்லையே. காய்ச்சலெண்டா கொஞ்சம் பொறுங்கோ, டிரைவர் இப்பதான் பனிஸில கை வச்சவர்."

குசுமாவதி மிதிபலகையில் நின்றாள். ஒரு வருஷமாக ஊரெல்லாம் ஒளிப்பதற்கு உதவிய அந்த வார்த்தை, பஸ்ஸை ஓர் அடி நகர்த்த உதவவில்லை. முதியான்சே வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவளும் எல்லோரையும்போலத் தணித்துத்தான் பேசிவந்தாள். இப்போது அவளுடைய சொந்தக் குரல் வந்தது. தேத்தண்ணிக் கடை வரைக்கும் கேட்டது.

"காய்ச்சல் இல்லை. இவருக்குச் சாகோணும் போல இருக்காம். போன வருஷம் மருந்து குடிச்சவர். இண்டைக்குத் திரும்ப அந்த நினைப்பு வந்து, வாயைத் திறந்து என்னட்டச் சொல்லியிருக்கிறார். நாள் பாக்காமல் கொண்டுபோகோணும். உங்கட பனிஸ் முடியும்வரைக்கும் நிக்கிறதெண்டா நில்லுங்கோ, நாங்கள் நடந்து போறம்."

ஆஸ்பத்திரி பதினாறு கட்டை தூரம். நடந்து போக மாட்டாள் என்று அங்கே ஒருவரும் நினைக்கவில்லை. டிரைவர் பாதிப் பனிஸைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஓடிவந்தார். பஸ் ஆட்டோடும் மூட்டையோடும் ஏறப்போனவர்களை அப்படியே விட்டுவிட்டுப் புறப்பட்டது.

முதலாம் தரிப்பில் இறங்க வேண்டிய வாத்தியார் மணிக்கயிற்றைப் பிடித்தார். பிடித்தவர் கையை எடுத்துவிட்டார். "போகட்டும், திரும்பி வரேக்க இறங்குறன்" என்றார். அடுத்த தரிப்பில் இறங்கவேண்டிய இருவரும் அதையே சொன்னார்கள். கல்யாணத்துக்குப் போகிற குடும்பம் ஒன்று தாங்கள் இறங்க வேண்டிய வீட்டு வாசலைக் கடக்கிறபோது, அங்கே கட்டியிருந்த பந்தலை யன்னலால் பார்த்துக்கொண்டே போனது. பின்சீட்டிலிருந்து ஒரு பெண் முன்னுக்கு வந்து குசுமாவதியின் தோளைத் தொட்டாள்.

"என்ர மனுசனும் அந்தக் கிளினிக்குக்குத்தான் போறவர். இப்ப நல்ல சுகம், திரும்பவும் என்னோட சண்டை பிடிக்கத் தொடங்கியிட்டார். ஒருத்தரிட்டையும் சொல்லாதையுங்கோ" என்றாள். பஸ் முழுவதும் கேட்டது.

யாரும் கிசுகிசுக்கவில்லை என்பது முதியான்சேவுக்கு அப்போதுதான் தட்டுப்பட்டது. எல்லோரும் அவரைப் பற்றித்தான் பேசினார்கள், அவர் முன்னாலேயே, உரத்த குரலில். பஸ் குலுங்கிக்கொண்டு ஓடியது. மணிக்கட்டைப் பிடித்த கையைக் குசுமாவதி இன்னும் எடுக்கவில்லை. அவள் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள், கண்ணால் நீர் ஓடியது. கழுவாத அந்தக் கையின் விரலிடுக்குகளில் தேங்காய்ப்பூ ஒட்டிக்கொண்டிருந்தது. முதியான்சே குனிந்து, மற்றக் கையால் அதை ஒவ்வொன்றாக எடுத்து வாயில் போட்டுச் சப்பத் தொடங்கினார்.